பாவம், அந்தப் பெட்ரோல் பம்ப்!

பழைய கார் ஒன்று காலையில் கிளம்ப மறுத்தால், நம் ஊரில் முதல் பழி பெட்ரோல் பம்பின் தலையில்தான் விழுகிறது.

சாவியைத் திருப்புகிறார்கள். செல்ஃப் சுற்றுகிறது. "கிர்... கிர்..." என்று சத்தம் வருகிறது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் புதுத் துணி உடுத்தி, கல்யாணத்துக்குப் புறப்பட்டு வாசலில் நிற்கிறார்கள். மெக்கானிக் வருகிறார். பானெட்டைத் தூக்குகிறார். ஒரு பார்வை பார்க்கிறார்.

"பம்ப் போய்விட்டது, ஐயா! புதுசு போட்டால்தான் வண்டி எழுந்திருக்கும்."

தீர்ப்பு முடிந்தது! சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது.

புதுப் பம்ப் வருகிறது. பணம் போகிறது. வண்டி கிளம்பினால் சரி. கிளம்பாவிட்டால்? "கார்பரேட்டர்" என்பார்கள். அதற்கும் கிளம்பாவிட்டால் "காயில்" என்பார்கள். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் அந்தக் காரில் பழையதாக மிஞ்சுவது நம்பர் பலகையும் அதன் சொந்தக்காரரும்தான்!

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று சொல்லவில்லை. காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லும் கெட்டிக்காரர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் தொழில் பழக வந்த பையன்கள் இன்று கம்ப்யூட்டர் மாட்டிக் கோளாறு பார்க்கும் புது வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். அது தவறும் அல்ல. பிழைப்பு அங்கேதான் இருக்கிறது.

இதை ஸ்ரீபெரும்புதூரை வைத்துச் சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறது.

கார் ஊரில் பழைய கார்

ராமானுஜர் பிறந்த ஊர் என்று கோயிலுக்கு வந்துகொண்டிருந்த ஜனங்கள், இப்போது வேலைக்கு வருகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை. ஒரகடத்தில் 2010-ல் திறந்த ரெனோ-நிசான் ஆலை. பக்கத்திலேயே லாரி ஆலை, புல்லட் மோட்டார் சைக்கிள் ஆலை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் டீசல் என்ஜினுக்குப் பம்ப் செய்யவே டெல்பி டி.வி.எஸ். கம்பெனி ஓர் ஆலை நிறுவியது. பம்புக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று சொல்லலாம்.

ஆனால், ஒரகடத்திலிருந்து கிழக்கே போகும் சாலை எங்கே போய் முட்டுகிறது? வண்டலூரில்! இன்றைய பிள்ளைகளுக்கு வண்டலூர் என்றால் சிங்கமும் புலியும்தான். அவர்களுடைய தாத்தாவைக் கேளுங்கள். வண்டலூர் என்றால் "ஸ்டாண்டர்டு மோட்டார்" என்பார். 1948-ல் சென்னையில் தொடங்கிய அந்தக் கம்பெனி, 1961-ல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற அழகான சின்னக் காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து வடிவம், நம் ஊர்த் தொழிலாளர் கை. டாக்டர்களும் வக்கீல்களும் ஆசைப்பட்டு வாங்கினார்கள். அதன் பானெட், பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக முழுசாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இந்த வசதி இன்றைக்கு எந்தக் காரில் இருக்கிறது? 1980-களின் முடிவில் அந்தக் கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆகவே இந்த வட்டாரத்தில் பழைய கார் என்பது வெளியூர்ச் சரக்கு அல்ல. நம் ஊரில் பிறந்து, நம் ஊரிலேயே கிழடானது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வந்தது 1998-ல். மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது 1999-ல். 'புதுக் கார்' என்று நாம் வாய் பிளந்து பார்த்த அந்த வண்டிகளுக்கு இன்று வயது 25-க்கு மேல்! அவையும் பழைய கார்தான். காலையில் அவையும் மக்கர் செய்கின்றன.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் யார்? கொஞ்சம் பேர் ஆசைக்காக வைத்திருக்கும் பணக்காரர்கள். அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. மற்றவர்கள் சின்ன மனிதர்கள். ஆலை கான்டீனுக்குக் காய்கறி ஏற்றுகிறவர். அப்பா வைத்துவிட்டுப்போன காரை விற்க மனமில்லாத மகன். கிராமத்திலிருந்து அம்மாவை வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர். இவர்கள் பையிலிருந்து போகும் ஒவ்வொரு ரூபாயும் கனமான ரூபாய்.

அடிகுழாய் தெரியுமல்லவா?

பெட்ரோல் பம்ப் என்றால் பெட்ரோல் போடும் பங்க் அல்ல. காரின் பெட்ரோல் டாங்கு பின்னால் தாழ்வாக இருக்கிறது. என்ஜின் முன்னால் உயரத்தில் இருக்கிறது. பெட்ரோல் தானாக மேலே ஏறாது. உறிஞ்சி அனுப்ப ஒன்று வேண்டும். அதுதான் பம்ப். பழைய மெக்கானிக்குகள் 'ஏ.சி. பம்ப்' என்பார்கள். குளிர்ச்சி செய்யும் ஏ.சி. என்று நினைக்காதீர்கள்! ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் பெயரில் வரும் முதல் எழுத்துகள் அவை. அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் பம்புக்கே பட்டப்பெயராகிவிட்டது.

தெருவில் இருந்த அடிகுழாயை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அடித்தால் தண்ணீர் வரும். காரில் கைப்பிடியை அடிப்பது என்ஜின். உள்ளே சுழலும் தண்டில் உள்ள ஒரு மேடு, பம்பின் நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல், 'டயாபிரம்' என்ற சவ்வைக் கீழே இழுக்கும். சவ்வு இறங்கும்போது பெட்ரோல் உள்ளே வரும். பிறகு ஒரு ஸ்பிரிங் சவ்வை மேலே தள்ளும். பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகும். கார்பரேட்டர் கிண்ணம் நிரம்பிவிட்டால் அதன் வாசல் அடைபடும். சவ்வு கீழேயே நிற்கும். நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். பிறகு தேவைப்படும்போது மறுபடியும் வேலை. எவ்வளவு புத்திசாலித்தனம்! கரண்டு இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. சதுர அங்குலத்துக்கு 2, 3 பவுண்டு அழுத்தம்தான். அதற்குள் ஒரு குடும்பத்தை டில்லி வரை கொண்டுபோய்விடும்.

இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? சவ்வு, இரண்டு வால்வு, ஸ்பிரிங், நெம்புகோல். அவ்வளவே. ஆனால் இதற்கு முன்னும் பின்னும் கெட்டுப்போகக்கூடியவை பத்து இருக்கின்றன. பழி மட்டும் பம்புக்கு!

விசாரணை நடக்கட்டும்

முதல் கேள்வி: டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். பழைய காரின் மீட்டர் முள் பொய் சொல்லும். காய்ந்த சுத்தமான குச்சியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது: பொறி வருகிறதா? பெட்ரோல் வந்தாலும் பிளக்கில் பொறி இல்லாவிட்டால் என்ஜின் பிடிக்காது. இதைப் பார்க்காமல் பம்பைத் தொடவே கூடாது. ஒன்று கவனம்: பெட்ரோல் குழாயைக் கழற்றிய பிறகு பொறியைச் சோதிக்கக் கூடாது. பொறிச் சோதனை முதலில். பெட்ரோல் சோதனை பிறகு.

இனிதான் பம்பின் முறை. கார்பரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். காயிலுக்குப் போகும் சின்ன வயரை முன்பே கழற்றிவிட வேண்டும். பொறியே வரக் கூடாது. சூடான என்ஜினில் இதைச் செய்ய வேண்டாம். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். பாட்டிலில் பெட்ரோல் "சொட்" "சொட்" என்று சொட்டினால் போதாது. விட்டு விட்டுப் பீறிட வேண்டும். பீறிட்டதா? பம்ப் குற்றவாளி அல்ல! விடுதலை! கோளாறு கார்பரேட்டரில் இருக்கிறது; ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம்.

பெட்ரோல் வரவில்லையா? அப்போதும் அவசரப்பட வேண்டாம். டாங்கு மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால், மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பம்ப் என்ன செய்யும்? சில மைல் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டிகளில் இது உண்டு. ஓர் ஊசியால் தீரும் வியாதி இது.

அடுத்தது குழாய். இளநீர் குடிக்கும் குழலில் நடுவே கீறல் விழுந்திருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும், இளநீர் வராது. டாங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும் அதே கதை. இங்கே ஒரு சூது இருக்கிறது. உறிஞ்சும் பக்கத்து வெடிப்பில் பெட்ரோல் வெளியே ஒழுகுவது குறைவு. காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பம்பின் மேல் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் ஒரு தக்கை வளையம் இருக்கும். அது காய்ந்து சுருங்கினாலும் இதே மாதிரி காற்று இழுக்கும். அந்த வளையத்தின் விலை என்ன, பம்பின் விலை என்ன!

கண்ணாடிக் கிண்ணத்தை உற்றுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். சிவப்பாக மண்டி தெரிந்தால் டாங்கின் துரு.

கையால் அடிக்கும் சின்ன நெம்புகோல் ஹெரால்டு போன்ற கார்களின் பம்பில் உண்டு. அதை நாலைந்து முறை அடித்தால் கார்பரேட்டர் நிரம்பும். பல நாள் நிறுத்தி வைத்த வண்டிக்கு இது மிகவும் நல்லது, பாட்டரி மிஞ்சும். ஆனால் சில சமயம் அந்த நெம்புகோல் தொளதொளவென்று ஆடும். அழுத்தமே இருக்காது. உடனே "பம்ப் செத்துவிட்டது!" என்பார்கள். உண்மை என்ன தெரியுமா? உள்ளே உள்ள தண்டின் மேடு, ஏற்கனவே சவ்வைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். என்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். உயிர் வந்துவிடும்! இந்த ஒரு சங்கதி தெரியாமல் எத்தனை நல்ல பம்புகள் புதுப்பேட்டைக்குப் போயினவோ!

சித்திரை வெயிலில் இன்னொரு நாடகம். நெமிலி சுங்கச்சாவடியில் வரிசை நிற்கிறது. வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறீர்கள். நின்றுவிடுகிறது, கிளம்பவில்லை. பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிட்டது. பம்ப் ஆவியை இழுத்துக்கொண்டு திண்டாடுகிறது. வண்டியை ஓரங்கட்டுங்கள். பானெட்டைத் திறந்து, நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். குழாய் மேல் ஈரத் துணி சுற்றலாம். சூடான கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் மட்டும் பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்; வெடித்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு பம்ப்தான் குற்றவாளி என்று தெரிந்தால், தண்டனை கொடுங்கள். பம்பின் அடித்துளையில் பெட்ரோல் கசிந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. என்ஜின் ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வருகிறதா? ஆயில் அளவு தானாகவே ஏறியிருக்கிறதா? அப்படியானால் கிழிந்த சவ்வு வழியாகப் பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. ஆயில் நீர்த்துப்போய் என்ஜினே தேய்ந்துவிடும்; தீப்பிடிக்கவும் கூடும். சவ்வையும் மாற்ற வேண்டும், ஆயிலையும் மாற்ற வேண்டும்.

உய்ய்ய் என்ற சத்தம்

சான்ட்ரோ, ஐகான் வகைக் கார்களில் கதை வேறு. அங்கே பம்ப் டாங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. கரண்டில் ஓடுகிறது. சாவியை ஒரு கட்டம் திருப்பினால் பின் சீட்டுப் பக்கம் "உய்ய்ய்" என்று ஒன்றிரண்டு விநாடி சத்தம் வரும். வீட்டில் வாண்டுப் பயல் இருந்தால் பின் சீட்டில் காது வைக்கச் சொல்லுங்கள். சத்தம் வந்தால் பம்புக்குக் கரண்டு போகிறது என்று அர்த்தம். வராவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு வயர். நாலாவதாகத்தான் பம்ப். சில கார்களில், மோதினால் பம்பை நிறுத்திவிடும் ஒரு சுவிட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கினாலும் அது சில சமயம் விழுந்துவிடும். பெட்ரோல் ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்டு, அதன் பொத்தானை அமுக்கினால் போதும்.

இந்த வகைக் காரில் குழாயைக் கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். என்ஜின் நின்ற பிறகும் உள்ளே அழுத்தம் இருக்கும். முகத்தில் பீறிடும். தெரிந்தவரிடம் விடுங்கள். இன்னொன்று: எப்போதும் 'ரிசர்வ்' பெட்ரோலிலேயே ஓட்டாதீர்கள். அந்தப் பம்பைக் குளிரவைப்பதே அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான்.

வாயால் உறிஞ்சாதீர்கள்!

இங்கே கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. ரப்பர் குழாயை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சுவதை நம் ஆட்கள் ஒரு சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். ஒரு மடக்கு தப்பி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி வியாதி வந்து உயிருக்கே ஆபத்தாகும். பெட்ரோல் வயிற்றுக்குள் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும் வழியில் அது நுரையீரலுக்குள் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுவது போல, பானெட்டில் பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாய் மூலம் கார்பரேட்டருக்குச் சொட்டவிட்டு வண்டியை வீடுவரை ஓட்டுகிறவர்கள் உண்டு. கீழே கொதிக்கும் என்ஜின். மேலே ஆடும் பெட்ரோல் பாட்டில். உள்ளே மனைவி மக்கள். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று யாராவது சொன்னால், அவரோடு காரில் ஏறாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நாலடி தள்ளிப் பீடி பற்றவைத்தாலும் திரும்பி வந்து பிடிக்கும். சோதனை செய்யும்போது குழந்தைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

புதிய எதிரி

இதுவரை சொன்னது மெக்கானிக்கும் சொந்தக்காரரும் பார்த்துக்கொள்ள வேண்டியது. இனிச் சொல்வது அரசாங்கமும் ஆலைக்காரர்களும் பார்க்க வேண்டியது.

2025-ல் நாடு முழுவதும் 'ஈ-20' பெட்ரோல் வந்துவிட்டது. 100 பங்கில் 20 பங்கு எத்தனால். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுப்பது. வெளிநாட்டுக்குப் போகும் பணம் மிச்சமாகிறது. கரும்பு விவசாயிக்கு வரும்படி வருகிறது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எத்தனாலுக்கு மூன்று குணங்கள் உண்டு. தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பழைய டாங்கின் உள்ளே படிந்த அழுக்கையும் துருவையும் கரைத்துக் கிளப்பிவிடும். அது வந்து ஃபில்டரை அடைக்கும். பழைய காலத்து ரப்பரை ஊதவைக்கும், வெடிக்கவைக்கும். மழைக்காலத்தில் அரை டாங்கு பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான்! பிறகு எப்படிக் கிளம்பும்?

1961-ல் வண்டலூரில் ஹெரால்டு செய்தவர்கள் எத்தனாலைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பம்பின் சவ்வு, துணியின் மேல் பூசிய ரப்பர். அதற்கு இந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் ஒரு விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம். அது செலவு குறைந்த வேலை. சர்வீஸ் செய்யும்போதே முடித்துவிடலாம் என்பது அதன் சாரம். எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை, 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டது.

சரி. செலவு குறைந்த வேலை என்பதை ஒப்புக்கொள்வோம். அந்த ரப்பர் எங்கே கிடைக்கும்? கம்பெனி இன்றும் நடக்கும் காருக்கு ஷோரூமில் கேட்கலாம். உற்பத்தியை நிறுத்திவிட்ட கம்பெனியின் காருக்கு யாரைக் கேட்பது? அம்பாசடர் 2014-ல் நின்றது. ஸ்டாண்டர்டு அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டது. சொந்தக்காரர் சென்னைக்குப் பஸ் ஏறி, புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைகிறார். கடைக்காரர் ஒரு டயாபிரம் கொடுக்கிறார். அது எத்தனாலைத் தாங்குமா? டப்பாவில் எழுதியிருக்காது. வாங்கிப் போடுகிறார். கொஞ்ச நாளில் மறுபடி கசிகிறது. "பம்ப் போய்விட்டது, ஐயா!"

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோலில் எத்தனாலை 10 சதவீதமாக்கினார்கள். அதே சமயம், பழைய கார்களுக்காக 5 சதவீதப் பெட்ரோலையும் உயர்ந்த ரகமாகத் தொடர்ந்து விற்க ஏற்பாடு செய்தார்கள். விலை கூடத்தான். ஆனாலும் வழி இருந்தது. எந்தக் கார் எதைத் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளவும் வசதி செய்தார்கள். ஹெரால்டு பிறந்த தேசம் அது! அங்கே உள்ள அண்ணனுக்கு ஒரு நியாயம், வண்டலூரில் பிறந்த தம்பிக்கு ஒரு நியாயமா?

தனிப் பெட்ரோல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. பழைய வண்டிகள் கொஞ்சம். அவற்றுக்காக ஊர் ஊராகத் தனி டாங்கு வைப்பது பெரிய செலவுதான். கேட்பது சின்ன விஷயம்.

ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'கார்க்' என்பார்கள். புது வண்டிகளை அங்கே ஓட்டி, இடித்து, புகையை அளந்து பார்க்கிறார்கள். அவர்கள் புதுப்பேட்டையில் விற்கும் பத்து வகை டயாபிரத்தையும் ரப்பர் குழாயையும் வாங்கி, ஈ-20 பெட்ரோலில் ஊறப்போட்டுப் பார்த்தால் என்ன? எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று ஒரு பக்கத்தில், தமிழில், எல்லோருக்கும் புரியும்படி அச்சடித்துப் பங்குகளில் ஒட்டினால் என்ன? ரப்பர் சாமான் டப்பாவின் மேல் 'எத்தனால் தாங்கும்', 'தாங்காது' என்று போட வேண்டும் என்று விதி செய்தால் என்ன குடி முழுகிவிடும்?

இந்த வட்டாரத்து ஆலைக்காரர்களுக்கும் ஒன்று. ஐ.டி.ஐ. பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள், நல்லது. அந்தப் பயிற்சிக் கூடத்தின் மூலையில் ஒரு பழைய என்ஜினையும் வையுங்கள். கண்ணாடிக் கிண்ணம் வைத்த பம்போடு! ஒரு பையன் அதைத் தன் கையால் கழற்றி, இரண்டு பாதியிலும் அரத்தால் ஒரு கோடு போட்டு அடையாளம் வைத்து, சவ்வை மாற்றி, திரும்ப அதே கோட்டில் பூட்டட்டும். பெட்ரோல் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்கட்டும். அப்படிப் பழகியவன், கம்ப்யூட்டர் "பம்ப் கோளாறு" என்று சொன்னாலும், முதலில் ஃபியூஸைப் பார்ப்பான்.

இதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் இந்த மழைக்காலத்துக்கு முன்பே டாங்கிலிருந்து என்ஜின் வரை உள்ள ரப்பர் குழாயைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று இருந்தாலும், விரலால் மடக்கும்போது மயிர்க்கோடாக வெடிப்புத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கடையில் எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கை அரைகுறையாக விடாதீர்கள். வாரம் ஒரு முறையாவது என்ஜினை ஓடவிடுங்கள். அடைத்த ஷெட்டுக்குள் அல்ல, வெளியே தள்ளி நிறுத்திக்கொண்டு.